எல்.எல்.எம். பாடத்தில் சித்தூர் தாலுகாவும் இருக்கட்டும்

கேரளப் பல்கலைக்கழகங்களின் சட்ட முதுநிலைப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் பிறந்தவன் நான். அரசின் அதிகாரத்தையும் குடிமக்களின் உரிமையையும் பேசும் பொதுச் சட்டத்தில் எல்.எல்.எம். முடித்துவிட்டு ஊர்ப்பக்கமே வக்கீலாக இருக்கிறேன். மலையாளத்தில் எழுதவும் தெரியும். ஆனாலும் இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். குறையைச் சொல்லி அரசிடம் முறையிடுகிறவர், நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எழுதலாம் என்கிறது அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, எங்களைப் போன்ற தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழில் எழுதினால் பதிலும் தமிழில் வரவேண்டும்.

இந்த இரண்டையும் எனக்கு வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. பட்டம் வாங்கி வந்த பிறகு, எங்கள் தெருப் பாட்டி ஒருவர் ஒரு மலையாளக் கடிதத்தை நீட்டி, "என்ன எழுதியிருக்கு தம்பி?" என்று கேட்டார். பென்ஷனுக்காக அவர் தமிழில் கொடுத்த மனுவுக்கு வந்த பதில் அது. ஒரு சான்றிதழ் குறைகிறது, பதினைந்து நாளில் கொடுக்கவும் என்று இருந்தது. கெடு முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்று ராத்திரிதான் அந்தச் சட்டத்தையே தேடி எடுத்துப் படித்தேன். எனக்கு அது பெரிய வெட்கமாக இருந்தது.

ஓராண்டு எல்.எல்.எம்.-க்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வகுத்த கட்டாயப் பாடங்களில் ஒப்பீட்டுப் பொதுச் சட்டமும் ஒன்று. அமெரிக்காவையும் ஜெர்மனியையும் ஒப்பிட்டுப் படித்தேன். நல்ல பாடம், அதை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதோடு எங்கள் தாலுகாவில் பெருமாட்டி பஞ்சாயத்தில் இருக்கும் பிளாச்சிமடையையும் சேர்த்து வையுங்கள்.

ஏனென்றால், பொதுச் சட்டத்தின் பெரிய கேள்விகள் பலவும் அந்த ஒரு ஊரிலேயே கிடக்கின்றன. 2000-த்தில் அங்கே குளிர்பான ஆலை வந்தது. கிணறுகள் கெட்டுப்போயின என்று 2002-இல் மயிலம்மாவும் மற்ற ஆதிவாசிப் பெண்களும் ஆலை வாசலில் போராட உட்கார்ந்தார்கள். 2003-இல் பெருமாட்டி பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. ஒரு பஞ்சாயத்துக்கு அந்த அதிகாரம் உண்டா? நிலத்தடி நீர் மக்களின் சொத்து, அரசு அதற்கு அறங்காவலர் மட்டுமே என்று அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. அப்புறம் 2010-இல் உயர்மட்டக் குழு 216.26 கோடி ரூபாய் இழப்பு என்று கணக்கிட்டது. 2011-இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வாங்கித் தரத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மாநிலத்தின் சட்டமியற்றும் உரிமை எதுவரை என்று இதைவிடத் தெளிவாக எந்த நாட்டு வழக்கைக் காட்டிச் சொல்லித் தர முடியும்?

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு நீர்ப் பகிர்வு ஒப்பந்தப்படி, நீரை அளக்கும் இடமான மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வரவேண்டும். அந்தக் கணக்கைச் சித்தூர் விவசாயி விரல்நுனியில் வைத்திருக்கிறார். மாநிலங்களுக்கிடையிலான நீர்த் தகராறு பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வில் எழுதிய எனக்கு ஊருக்கு வரும்வரை அது தெரியாது.

நான் கேட்பது இதுதான். மொழிச் சிறுபான்மையினர் உரிமையும் எல்லைப்புற நிர்வாகமும் சேர்ந்த ஒரு விருப்பப் பாடம் வேண்டும். அதைப் படிக்கிற மாணவர் ஒரு மாதமாவது சித்தூரிலோ தேவிகுளத்திலோ பீர்மேட்டிலோ ஒரு பஞ்சாயத்தில் உட்கார்ந்து, வருகிற மனுக்களுக்கு என்ன மொழியில் என்ன பதில் போகிறது என்று பார்க்கட்டும். ஆய்வேடு எழுத அதுவே போதும். தமிழ் தெரியாத மாணவர்களும் வரலாம், மொழிபெயர்க்க நாங்கள் இருக்கிறோம்.

மார்ச்சில் அனுப்பினால் நல்லது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்து, நிதி வருஷக் கடைசி வேலையாகப் பஞ்சாயத்தில் கூட்டம் நெரிகிற மாதம் அது. பத்துப் பேர் வரை தங்க நானே இடம் பார்த்துத் தருகிறேன்.

பதிலைத் தமிழில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுகா வக்கீல் ஒருவர்