அந்த ஜன்னலில் 'எதுக்கு?' என்று கேட்காதீர்கள்: அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில், ஓ.பி. சீட்டு வரிசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவை மட்டும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எனக்கு அது வேண்டாம்.

வரிசையில் இருபது வயது இருக்கும் ஒரு பையன். அவன் முறை வந்தது.

"என்னப்பா பண்ணுது?"

"ரத்த டெஸ்ட் எடுக்கணும்க்கா."

"என்ன டெஸ்ட்? யார் எழுதிக் குடுத்தா?"

அவன் ஏதோ சொன்னான். குரல் கண்ணாடியைத் தாண்டவில்லை. "சத்தமா சொல்லுப்பா, பின்னாடி ஆள் நிக்குதுல்ல" என்றார் அந்த அம்மா. பையன் திரும்பி வரிசையைப் பார்த்தான். அப்புறம் "ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான். நான் பின்னாலேயே போனேன். வண்டி நிறுத்தும் இடம் வரை தேடினேன். ஆளைக் காணோம்.

அவன் எதற்காக வந்தான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்படித் திரும்பி வரிசையைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று தெரியும். மூன்று மாதத்துக்கு முன் அதே ஜன்னலில் நானும் அப்படித்தான் திரும்பிப் பார்த்தேன்.

நான் கேட்பது ஒன்றுதான். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குப் போக ஓ.பி. சீட்டு வேண்டாம், யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம், நேராகப் போகலாம் என்பதை ஆஸ்பத்திரி வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். ஜன்னலில் இருப்பவர்களுக்கும் அதைச் சொல்லிவையுங்கள்.

எனக்கு 28 வயது. கல்யாணம் ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை இரவு ஆணுறை இல்லாமல் உறவு நடந்தது. இருவர் சம்மதத்தோடுதான். முன்பு வேறு சிலரோடு பழக்கம் இருந்தது, இதுவரை எந்தப் பரிசோதனையும் செய்துகொண்டதில்லை என்று மறுநாள் காலை பேச்சுவாக்கில் அவர் சொன்னார். ஒரு டாக்டருக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான், அதனால் இங்கேயும் இவ்வளவுதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் அவசரக் கருத்தடை மாத்திரை தேடுவதிலேயே போனது. டாக்டர் சீட்டு இல்லாமலே சட்டப்படி வாங்கக்கூடிய மாத்திரை அது. மூன்று மெடிக்கலில் "அதெல்லாம் வைக்கிறதில்லம்மா" என்றார்கள். ஒருவர் என் கழுத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். நான்காவது கடையில் கிடைத்தது. 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. சாப்பிட்டேன். இதே 72 மணி நேரக் கணக்கு இன்னொரு மருந்துக்கும் உண்டு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

உங்களுக்குத் தெரியும். எச்.ஐ.வி. கிருமி உடம்பில் நுழைந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டிய தடுப்பு மாத்திரை. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்ட நர்ஸுக்குத் தருவதற்காக ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்க வேண்டிய மருந்து. எனக்கு அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், அதில் நான் தலையிட மாட்டேன். அந்த நேரத்துக்குள் டாக்டர் முன்னால் போய் நான் உட்கார வழி இருந்திருக்க வேண்டும்.

திங்கள்கிழமை காலை, ஏறக்குறைய 36 மணி நேரம் கழிந்த நிலையில், அரை நாள் லீவு சொல்லிவிட்டு வரிசையில் நின்றேன். ஐம்பது நிமிஷம். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'எச்.ஐ.வி. டெஸ்ட்' என்று சொல்லலாமா, 'நம்பிக்கை மையம்' என்றால் புரியுமா, தாளில் எழுதிக் காட்டலாமா? என் முறை வந்தது. "என்னம்மா பண்ணுது?" டெஸ்ட் எடுக்கணும் என்றேன். "எதுக்கு? மாசமா இருக்கியா?" அந்த அம்மா கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பெண்கள் டெஸ்ட் என்று வந்தால் அதுதான் வழக்கமான காரணமாக இருக்கும். திரும்பிப் பார்த்தேன். எனக்கு இரண்டு ஆள் தள்ளி எங்கள் தெரு அக்கா, இடுப்பில் பேரனோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தலைவலி" என்றேன்.

பொது மருத்துவத்துக்குச் சீட்டு போட்டார்கள். அங்கே இன்னொரு வரிசை. டாக்டர் பி.பி. பார்த்தார், தூக்கம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார், பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தார். அறைக்குள் நான்கு பேர் நின்றிருந்தார்கள். மருந்து கொடுக்கும் இடத்தில் பத்து மாத்திரையை எண்ணிக் கையில் போட்டார்கள். அந்தப் பத்தும் இன்னும் என் கைப்பையின் உள் ஜிப்பில் கிடக்கின்றன. நிஜமாகவே தலைவலி வந்தபோதுகூட எடுத்துப் போட மனசு வரவில்லை.

செவ்வாய் இரவு 72 மணி நேரம் முடிந்தது. எனக்குத் தெரியாமலே முடிந்தது. புதன்கிழமை இரவு பத்து மணிக்கு மொட்டை மாடியில் நின்று எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்கு அழைத்தேன். எடுத்தவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. முதலில் கேட்டதே "எத்தனை மணி நேரம் ஆச்சும்மா?" என்றுதான். விரல் விட்டு எண்ணினேன். 96. எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் நிதானமாக, நாளைக்கு நம்பிக்கை மையத்துக்குப் போங்கள் என்றார்.

வியாழக்கிழமை போனேன். இந்தமுறை ஜன்னல் பக்கமே போகாமல், எக்ஸ்ரே அறை தாண்டி, துப்புரவுப் பணி அக்கா ஒருவரிடம் காதோடு கேட்டு அந்த அறையைக் கண்டுபிடித்தேன். ஆலோசகர் ஒரு பெண். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். "திங்கக்கிழமையே வந்தேன், சீட்டு வாங்க முடியல" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "சீட்டு எதுக்குங்க? இங்க நேரா வரலாமே."

ஐயா, அம்மா, அந்த ஒரு வாக்கியத்தைத் திங்கள்கிழமை காலை எனக்கு யாராவது சொல்லியிருந்தால் இந்த மடலுக்கே வேலை இல்லை.

அந்த அறைக்குள் நடந்த எதிலும் எனக்குக் குறை இல்லை. என்ன பரிசோதனை, எதற்கு என்று விளக்கினார்கள். சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். என் பெயரை யாரும் கூவவில்லை. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் என்ன சொல்கிறதோ அதன்படியே எல்லாம் நடந்தது. பரிசோதனைக்குச் சம்மதம் வேண்டும், ஆலோசனை வேண்டும், விஷயம் வெளியே போகக் கூடாது. ஆனால் அந்த அறையில் அவ்வளவு கவனமாகக் காப்பாற்றும் ரகசியத்தை, சத்தமாகச் சொல் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கேட்டு வாங்கிவிடுகிறீர்கள். உள்ளே வராமலே திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்பது உங்கள் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அந்தப் பையனும் இருக்க மாட்டான்.

அன்றைய பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. ஆனால் கிருமி நுழைந்திருந்தாலும் அது ரத்தப் பரிசோதனையில் தெரிய மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகலாம், அதனால் மூன்று மாதம் கழித்து மறுபடி வாருங்கள் என்றார் ஆலோசகர். அந்த மூன்று மாதத்தை எப்படிச் சொல்வது? ஆபீஸ் பாத்ரூமில் கண்ணாடி முன் நின்று கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். வாயில் ஒரு புண் வந்தால் அன்று ராத்திரி தூக்கம் போச்சு. ஒருநாள் என் டம்ளரில் தங்கச்சி தண்ணீர் குடித்தாள். வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். "என்னக்கா?" என்று மிரண்டுபோய்ப் பார்த்தாள். டம்ளரால் பரவாது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவள்தான் நான். பயத்துக்குப் பாடப்புத்தகம் ஞாபகம் இருப்பதில்லை. எச்.ஐ.வி. உள்ள ஆணோடு ஒருமுறை பாதுகாப்பில்லாமல் உறவு கொண்ட பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000-க்கு 8 போல என்று அப்புறம் படித்தேன். திங்கள்கிழமை ஒரு டாக்டர் இதை வாயால் சொல்லியிருந்தால் பாதி பயம் அன்றைக்கே இறங்கியிருக்கும்.

எச்.ஐ.வி.யை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மற்ற பால்வினை நோய்கள் அதைவிடச் சுலபமாகத் தொற்றுகின்றன. மேகப்புண்ணுக்கு, அதாவது சிபிலிஸுக்கு, அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால் பென்சிலின் ஊசியில் குணமாகிற நோய். ஆனால் கிளமிடியா மாதிரி நோய்கள் பெண்களுக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து கருக்குழாயை அடைத்துவிடக்கூடியவை. பால்வினை நோய்ப் பிரிவில் அறிகுறிக்குத் தக்கபடி சாம்பல், பச்சை, வெள்ளை என்று நிறம் நிறமாக மருந்துப் பெட்டி தருகிறார்கள். அறிகுறி இல்லாமல் வருகிறவளுக்குப் பெரும்பாலும் எந்த நிறத்திலும் பெட்டி இல்லை. வெளியே தனியார் லேபில் பார்த்துக்கொள்ளலாம், காசு இருந்தால். இது உங்கள் அதிகாரத்துக்கு மேலே உள்ள விஷயம் என்று தெரியும். மேலே எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள்.

இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டதே நம் சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும், இந்த ஊரில் அதெல்லாம் இருக்காது என்று பலர் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், தேடிப் போய் ரத்தம் எடுத்தார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்த வயதில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊரெல்லாம் விழிப்புணர்வு விளம்பரம் எழுதியிருந்தது. பேருந்து நிலையத்தில் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "யாருப்பா புள்ளிராஜா?" என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லாமல் என் கையை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் எல்லாரும் அப்படியேதான் நடந்துகொண்டிருக்கிறோம். டிசம்பர் 1 வந்தால் ஊர்வலம், உறுதிமொழி, சிவப்பு ரிப்பன். மெடிக்கலில் மாத்திரை இல்லை என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இனப்பெருக்கப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டில் யாரிடம் கேட்பது? கல்யாணம் ஆகாத ஒருத்திக்கு உடம்பே இல்லை என்பது மாதிரி எல்லாரும் நடந்துகொண்டால், உடம்புக்கு ஒன்று என்றால் அவள் எங்கே போவாள்?

மன்னிக்கவும். கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். நீங்கள் ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள், எத்தனை பணியிடம் காலியாக இருக்கிறது என்பதெல்லாம் வரிசையில் நின்றவளுக்கும் தெரியும். அதனால்தான் கட்டடமோ, புது ஆளோ, நிதியோ கேட்கவில்லை. சீட்டே தேவையில்லாத ஓர் அறைக்கு, சீட்டு தேவையில்லை என்று எழுதி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். யாராவது ஜன்னலில் தயங்கி நின்றால் 'எதுக்கு?' என்று கேட்காமல் அந்தப் பலகையைக் கை காட்டச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் இரவும் ஓ.பி. கிடையாது, அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களுக்கு அந்த 72 மணி நேரக் கணக்கை ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள்.

போன செவ்வாய்க்கிழமை நான் அங்கே வந்தது மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு. மத்தியானம் முடிவு சொன்னார்கள், தொற்று இல்லை. ஆலோசகர் என் கையைப் பிடித்து அழுத்தினார். வெளியே வந்து வண்டி நிறுத்தும் இடத்தில் மறுபடி ஒருமுறை அந்தப் பையனைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

பலகையில் என்ன எழுதுவது என்று யோசிக்கும் வேலைகூட உங்களுக்கு வேண்டாம் என்று நானே எழுதியிருக்கிறேன். தயவுசெய்து அறை எண்ணை மட்டும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம்.
ஓ.பி. சீட்டு வேண்டாம். யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம்.
நேராக வரவும்: நம்பிக்கை மையம், அறை எண் ____
பாதுகாப்பில்லாத உறவு நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையானாலும் இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டரை இப்போதே பாருங்கள்.
பேச வேண்டுமென்றால்: 1097

பணிவுடன்,
தலைவலி என்று சொல்லிச் சீட்டு வாங்கியவள்