கடைப் பேரு போட்டீங்க, எழுதினவர் பேரு எங்க?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ஊர் நிகழ்ச்சிகள் பக்கத்துல ஓரமா ஒரு துணுக்கு போட்டிருந்தீங்க. கும்பகோணத்துல மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெரு புக் கடையில ஞாயித்துக்கிழமை சாயந்தரம் காமிக்ஸ் எழுத்தாளர் ஒருத்தர் பேசுறாரு, புக்ல கையெழுத்துப் போட்டுத் தருவாரு, சிறுவர் சிறுமியரை அழைத்து வாருங்கள்னு. கடைப் பேரு இருந்திச்சு, நேரம் இருந்திச்சு, டீ பிஸ்கட் உண்டுன்னுகூட இருந்திச்சு. எழுத்தாளர் பேரு மட்டும் இல்ல. படிச்சப்பவே சுருக்குன்னுச்சு, போயிட்டு வந்தப்பறம் இந்த லெட்டர எழுதாம இருக்க முடியல.

எனக்கு 51 வயசு, குடவாசல்ல தையல் கடை வச்சிருக்கேன். முத்து காமிக்ஸ் 1972-ல வந்தப்ப நான் பொறக்கவே இல்ல, ஆனா 1984-ல லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தப்ப எழுத்துக்கூட்டாம படிக்கற வயசு. புக்கு என்னமோ அண்ணனோடது. அவன் திண்ணையில ஒக்காந்து படிப்பான், நான் பின்னாடி நின்னு தோளுக்கு மேல எட்டிப் பாத்துப் படிப்பேன், நான் வலது பக்கத்துக்கு வர்றதுக்குள்ள அவன் திருப்பிடுவான், அதனால பாதிக் கதைக்கு எனக்கு இடது பக்கம் மட்டுந்தான் தெரியும்.

கடையில போயி பாத்தா சிறுவர் சிறுமியர் மொத்தம் ஆறு பேரு. மிச்சம் முப்பது பேருக்கு மேல எல்லாம் தலை நரைச்ச ஆளுங்க, கையில மஞ்சப்பை, பை நெறைய பழைய புக்கு. ஒருத்தர் வேதாரண்யத்துலேர்ந்து பஸ் மாறி மாறி வந்தேன்னாரு. பொம்பளைங்க நானும் ஒரு டீச்சரம்மாவும்தான். ஃபேன் ஒண்ணு ஓடல, டீ சுமார்.

எழுத்தாளர் பேசுனது ஒரு மணி நேரம். காமிக்ஸ்னா படம் போடுறவருதான் எல்லாம்னு நெனச்சிருந்தேன். அவரு ஒரு ஸ்கிரிப்ட்ட காட்டினாரு பாருங்க, படமே இல்ல, முழுக்க எழுத்து. இந்தப் பக்கத்துல எத்தன கட்டம், ஒவ்வொரு கட்டத்துலயும் யாரு எங்க நிக்கறாங்க, எந்தப் பக்கம் பாக்கறாங்க, பேச்ச எழுதற பலூன் வட்டத்துக்குள்ள என்ன வசனம், எல்லாம் எழுதித்தான் ஓவியர்கிட்ட குடுக்கறாங்க. எங்க தொழில்ல கட்டிங் மாஸ்டர் மாதிரின்னு வச்சுக்குங்களேன், துணியில அவரு கோடு போட்டப்பறந்தான் மெஷினே ஓடும், ஆனா ஜாக்கெட்ட போட்டுக்கறவங்க அவரைப் பாத்திருக்கவே மாட்டாங்க. வெளிநாட்டுக் கதையத் தமிழ்ல போடறப்ப நம்ம வார்த்தை நீளம், பலூன் சின்னது, அதுல அடைக்கறதுக்குள்ள உயிர் போயிடும்னு சிரிச்சாரு. அப்பறம் சொன்னாரு, திருப்பத்தை எப்பவும் வலது பக்கத்துக் கடைசிக் கட்டத்துலதான் வைப்போம், அதப் பாத்துட்டுத்தான் வாசகர் வேகமா அடுத்த பக்கத்தைத் திருப்பணும்னு. எனக்கு அண்ணன் மேல அந்த எடத்துல வந்திச்சே ஒரு கோவம்!

நடுவுல எங்களுக்கு ஒரு வேலை வச்சாரு. மேட்டூர்ல தண்ணி தொறந்து உங்க ஊரு வாய்க்காலுக்கு வந்து சேருது, இத நாலு கட்டத்துல சொல்லுங்க, வசனம் கூடாது. நம்ம பக்கத்து ஆளுங்க சும்மா இருப்பாங்களா. மொதல்ல வாய்க்கா வெடிச்சுக் கெடக்கணும்னு ஒருத்தர், தண்ணி வர்றதுக்கு முன்னாடி நுரையும் சருகும் தள்ளிக்கிட்டு வருமே அதப் போடுங்கன்னு ஒரு பெரியவரு, பசங்க அதுக்கு முன்னாடி ஓடணும்னு இன்னொருத்தர், அப்படியே மூணு கட்டம் ஆயிடிச்சு. நாலாவதுக்கு ஆளாளுக்கு கல்லணை, மதகு, நாத்துன்னு கத்திக்கிட்டிருக்கறப்ப அந்த ஆறு பிள்ளைங்கள்ல ஒரு பொண்ணு எந்திரிச்சு, தண்ணியே வேணாம் சார், கரையில செருப்பு மட்டும் கெடக்கட்டும்னிச்சு. கடை அப்படியே அமைதியாயிடிச்சு. அவரு கண்ணாடிய கழட்டி தொடச்சுக்கிட்டாரு.

அடுத்து கையெழுத்து. அவரு புக்கு ஒண்ணு வாங்கினேன், போட்டுக் குடுத்தாரு. கூடவே அண்ணன் வீட்டுப் பரண்லேர்ந்து எடுத்துட்டுப் போன பழைய ஸ்பைடர் புக்க நீட்டினேன், ஸ்பைடர்மேன் இல்ல, லயன் காமிக்ஸ்ல வந்த ஸ்பைடர். அட்டை கிழிஞ்சு, கோந்து போட்டு ஒட்டினது. இதுலயும் ஒண்ணு போடுங்க சார்னேன். மாட்டேன்னுட்டாரு. இது நான் எழுதினது இல்லம்மா, இன்னொருத்தர் கதையில நான் எப்படிப் போடுறதுன்னு சொல்லிட்டு, பென்சில் வாங்கி மொதப் பக்கத்துல மூணு பேரு எழுதினாரு. ஸ்பைடரை ஆரம்பிச்ச டெட் கோவன், அதுக்கப்பறம் எழுதின ஜெர்ரி சீகல், படம் போட்ட ரெக் பன்.

ஜெர்ரி சீகல் யாருன்னு கேட்டேன். சூப்பர்மேனை ஜோ ஷஸ்டரோட சேந்து உண்டாக்கினவராம்! 1938-ல 130 டாலருக்கு ரெண்டு பேரும் அந்த உரிமைய எழுதிக் குடுத்துட்டாங்க, பின்னாடி புக்லேர்ந்து அவங்க பேரையே எடுத்துட்டாங்க, வழக்கு சண்டைன்னு அலைஞ்சு 1975-ல தான் பென்ஷனும் பேரும் திரும்பக் கெடச்சிருக்கு. நான் வலது பக்கம் படிக்க முடியாமப் போன ஸ்பைடரை எழுதினது அப்படிப்பட்ட மனுஷன். நாப்பது வருஷமா எனக்குத் தெரியாது, ஒரு எடத்துலயும் யாரும் போடல.

பஸ்ல திரும்பி வர்றப்ப திருவாரூர் கோயில்தான் ஞாபகம் வந்திச்சு. தேவாசிரிய மண்டபத்து மேக்கூரையப் பாத்திருப்பீங்க, முசுகுந்தச் சக்கரவர்த்தி தியாகராஜரைக் கொண்டு வந்த கதை வரிசை வரிசையா ஓவியமா இருக்கு, அதுக்குக் கீழயே என்ன நடக்குதுன்னு தமிழ்லயும் எழுதியிருக்கு, காமிக்ஸ் இல்லாம அது வேற என்ன. முந்நூறு வருஷத்துக்கு முந்தின அந்த ஓவியத்துல சிங்காதனம்னு வரைஞ்சவர் பேரு இருக்கு சார். கோயில் கூரையில எடம் இருந்திருக்கு, உங்க துணுக்குல இல்ல.

அதனால ரெண்டு விஷயம் கேக்கறேன். இனிமே காமிக்ஸ் பத்தி ஒரு வரி போட்டாலும் எழுதினவர் பேரு, வரைஞ்சவர் பேரு, மொழிபெயர்ப்புன்னா அவரு பேரு, மூணையும் போடுங்க. சிறுவர் பக்கத்துல போடுறதும் பெரியவங்க பக்கத்துல போடுறதும் உங்க இஷ்டம், ஆனா நாங்க முப்பது பேரு இருக்கோம்ங்கறத மனசுல வச்சுக்குங்க. இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை வந்தவரு பேரை நான் வேணும்னுதான் இங்க எழுதல. கடைக்கு ஒரு போன் போட்டா சொல்லுவாங்க, விசாரிச்சு அடுத்த இதழ்ல நீங்களே திருத்தம்னு போடுங்க. எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும்.

இப்படிக்கு,
குடவாசல் வாசகி

பி.கு.: அண்ணன் ஸ்பைடர் புக்கைத் திருப்பிக் கேக்கறான். படிச்சு முடிச்சுட்டுத் தரேன்னிருக்கேன்.