தேயிலையைப் பிடுங்குமுன் இதைப் படி

அன்புள்ள ராஜு,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய தைலம் வந்து சேர்ந்தது, அம்மா தினமும் உன் பெயரைச் சொல்லித்தான் முட்டியில் தேய்த்துக்கொள்கிறாள். மகள் ப்ளஸ் டூ வந்துவிட்டாள். பதில் போடாமல் இவ்வளவு நாள் கடத்தியதற்கு நீ திட்டுவதை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். இப்போது அவசரமாக எழுதக் காரணம் சாந்தி அக்கா. நீ கீழ்க்காட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு, அந்தப் புளிப்பான சிவப்புப்பழ முள்செடி பார்பெர்ரியை நடப்போகிறாய், நாற்றுக்கு யாரோ ஒரு புரோக்கர் முன்பணம் கேட்கிறான் என்று போனில் சொன்னாள். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

பச்சைத்தேயிலைக்குக் கட்டுப்படியாகிற விலை இல்லை என்பது எனக்குத் தெரியும். வேறு பயிர் தேடுகிற உன்னை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உலர்த்திய பார்பெர்ரிப் பழத்தை வாங்கி விற்பதுதான் இங்கே துபாய் அல் ராஸ் சந்தையில் என் பிழைப்பு. அது விளைகிற இடத்துக்கும் போய்ப் பார்த்திருக்கிறேன். நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

கடையில் நீ பார்க்கிற அந்தச் செக்கச்சிவந்த பழத்தை ஈரானில் ஜெரெஷ்க் என்பார்கள். ஏறக்குறைய எல்லாமே தெற்குக் குராசான் மாகாணத்தில், காயின், பிர்ஜந்த் பக்கத்து ஊர்களில் விளைவது. ஆப்கான் எல்லையை ஒட்டிய உயரமான வறண்ட பூமி. பிர்ஜந்தில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. கானாத் என்கிற நிலத்தடி வாய்க்காலில் வருகிற தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சுகிறார்கள். அந்தப் பழத்தில் விதை கிடையாது. செடியின் அடியில் கிளம்பும் பக்கக்கன்றைப் பிரித்து நட்டால்தான் உண்டு. ஆகவே உன் புரோக்கர் விதை போட்டு முளைக்கவைத்த நாற்று என்று சொன்னால் அந்த இடத்திலேயே அவனை அனுப்பிவிடு. நட்டாலும் நாலைந்து வருஷம் காத்திருந்தால்தான் பேர்சொல்லும் காய்ப்பு. அதுவரை கீழ்க்காட்டில் என்ன வருமானம்?

அறுவடை அக்டோபர், நவம்பரில். கணுவுக்குக் கணு மூன்று முள் பிரிந்து நிற்கும். சோலையோரம் நம் மலை பார்பெர்ரியான ஊசிக்களா பறிக்கப் போய் நஞ்சனின் சட்டை என்ன ஆனது என்று உனக்கு நினைவிருக்குமே, அதே குடும்பத்து முள்தான். தடித்த கையுறை போட்டுக் கிளையோடு வெட்டுகிறார்கள், அல்லது துணியை விரித்துத் தடியால் அடித்து உதிர்க்கிறார்கள். கிளையை வெட்டினால் அடுத்த ஆண்டுக் காய்ப்பு குறைகிறது. அடித்தால் பழம் நசுங்குகிறது. அதே வாரங்களில்தான் அங்கே குங்குமப்பூவும் பூக்கும். விடியுமுன் பூப்பறித்த பெண்கள் பொழுது ஏறியதும் முள்ளுக்கு வருகிறார்கள். ஒரு வீட்டில் டீ ஊற்றிக் கொடுத்த அம்மாவின் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணில் பூவின் மஞ்சள், புறங்கையெல்லாம் முள் கீறிய கோடு. பேரம் பேசத்தான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அதன் பிறகு பேச வாய் வரவில்லை.

அப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பம்: உலர்த்துவது. இதை மட்டும் நிதானமாகப் படி.

உதிர்த்த பழத்தை வெயிலில் பரப்பிக் காயவைப்பது ஒரு வழி. சீக்கிரம் காய்ந்துவிடும், ஆனால் சாறு கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாதுளை முத்துபோல் இருப்பதால் அனாரி என்பார்கள். உயர்ந்த ரகம் பொஃபகி. வெட்டிய கிளைகளைக் குலையோடு, கூரை போட்டுப் பக்கங்களைத் திறந்துவிட்ட கொட்டகையில், தட்டுத்தட்டாக அடுக்கி நிழலிலேயே விடுகிறார்கள். இரண்டு மூன்று மாதம் அப்படியே கிடக்கும். வறண்ட குளிர்காற்று உள்ளே புகுந்து போகப் போக, பழம் சுருங்காமலும் ஒட்டாமலும் உப்பி நிற்கும். உள்ளங்கையில் எடுத்தால் கனமே தெரியாது, ஊதினால் பறக்கும். பிறகு உதிர்த்து, சலித்து, காற்றில் தூற்றி, இலையும் முள்ளும் காம்பும் கையால் பொறுக்கி, குளிர்கிடங்கில் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் சில மாதங்களில் சிவப்பு போய்க் கருத்துவிடும். கருத்த சரக்கை இங்கே எவனும் தொடமாட்டான். கண்ணால் பார்த்தே விலை சொல்கிற சந்தை இது.

இப்போது நீயே சொல். அதே அக்டோபர், நவம்பரில் கோத்தகிரியில் என்ன நடக்கும்? வடகிழக்குப் பருவமழை. துவைத்த துணியை அடுப்புக்கு மேலே கொடிகட்டிக் காயப்போடுகிற ஊரில் மூன்று மாதம் திறந்த கொட்டகையில் பழத்தை வைத்தால் பூஞ்சைதான் மிஞ்சும். சூட்டுக்காற்று எந்திரம் வாங்கலாம் என்பாய். அதன் செலவையும் சேர்த்துக்கொண்டு பிர்ஜந்தின் இனாம் காற்றோடு போட்டிபோட முடியாது.

இன்னொன்று, இதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. கோதுமையின் தண்டுத் துருநோய்ப் பூஞ்சைக்கு பார்பெர்ரி இலை ஒரு பருவத்து வீடு. 1865-ல் டி பாரி என்ற ஜெர்மானியர் அதை நிரூபித்தார். 1918-ல் அமெரிக்கா ஊர் ஊராக பார்பெர்ரிப் புதரைத் தோண்டி ஒழிக்க ஆரம்பித்தது. நம் மலையின் கதை இன்னும் நெருக்கமானது. கோடையில் சமவெளியில் அழிந்துபோகிற துரு, நீலகிரியிலும் பழனிமலையிலும் தப்பிப்பிழைத்துக் காற்றோடு கீழே இறங்குகிறது என்று கண்டுசொன்னவர் பயிர்நோய் விஞ்ஞானி கே. சி. மேத்தா. நம் நாட்டு பார்பெர்ரிகளுக்கு இதில் பங்கில்லை என்றும் அவரே சொன்னார். ஆனால் ஈரான் செடி, நோயைத் தாங்கி வளர்க்கிற ஐரோப்பிய பார்பெர்ரிக்கு நெருங்கிய சொந்தம். அதைக் கொண்டுபோய் அந்த மலையிலேயே நடுவதா? பஸ்ஸில் போகும்போது பார்ப்போமே, வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம், அங்கே இந்தத் துருவோடுதான் போராடுகிறார்கள். முதலில் அங்கே போய்க் கேள். வெளிநாட்டுச் செடி கொண்டுவர 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி அனுமதி வேண்டும். புரோக்கரிடம் அந்தத் தாளைக் காட்டச் சொல். காட்டமாட்டான்.

விலையைப் பார்த்துத்தான் மயங்கினாய் என்று தெரியும். துபாய்க் கடையில் எழுதியிருக்கிற விலை காயின் விவசாயி கைக்குப் போவதில்லை. விளைச்சல் நன்றாக இருந்தால் விலை சரிகிறது. குளிர்கிடங்கு இல்லாதவன் கடனை அடைக்க வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறான். 2018-ல் அமெரிக்கா ஈரான்மேல் தடைகளை மறுபடி கொண்டுவந்த பிறகு நாங்கள் பணம் அனுப்புவதே பெரும்பாடு. தரகர் கைமாறிக் கைமாறித்தான் போகிறது, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் தங்கிவிடுகிறது. முள்ளில் கைவிடுகிறவருக்குக் கடைசியில்தான் பங்கு. பச்சைத்தேயிலையில் நீ படுகிற அதே பாடு. அதை விட்டுவிட்டு இதில் போய் விழாதே என்கிறேன்.

பழத்தின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீரில் அலசி, வெண்ணெயில் சிறிது சர்க்கரையோடு ஒரு புரட்டு புரட்டி (அதற்குமேல் விட்டால் கருகிவிடும்) குங்குமப்பூச் சோற்றின்மேல் தூவி, கோழியோடு ஈரானில் எனக்குக் கொடுத்தார்கள். அந்தப் புளிப்புக்காகவே நான் இந்தத் தொழிலை விடாமல் இருக்கிறேன். வரும்போது ஒரு கிலோ பொஃபகி கொண்டுவருகிறேன், அண்ணியிடம் சொல்லிவை. மல்லிகா வீட்டுக் கல்யாணத்துக்கு எப்படியும் வந்துவிடுவேன். கீழ்க்காட்டில் என்ன போடலாம் என்று அப்போது மண்ணைப் பார்த்துப் பேசுவோம்.

ஊர்க்கதையெல்லாம் பிறகு எழுது. முன்பணம் கொடுத்துவிட்டாயா இல்லையா, அதை மட்டும் உடனே சொல். கொடுத்திருந்தால் ரசீது இருக்கிறதா என்று பார்.

அன்புடன்,
சேகர்