நடுகல் படிக்கக் கற்றுத் தந்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

சண்டையில் இறந்த வீரர்களுக்காக நட்ட கற்கள்தான் நடுகற்கள்; செங்கம் வட்டார நடுகற்களைப் பற்றிய என் முதுகலை ஆய்வேடு ஏற்கப்பட்டுவிட்டது. மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பிலும் இடம் கிடைத்திருக்கிறது. வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்த வாழ்த்தில் பெரும் பங்கு வேறு சிலருக்குப் போக வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் ஐயா. கல்வெட்டுப் பணியிலேயே காலம் கழித்து ஓய்வுபெற்றவர். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் துறைத் தலைவர் தந்த எண்ணுக்கு ஒரு நடுகல்லின் படத்தையும், அதில் எனக்குப் பிடிபட்ட வரிகளையும் அனுப்பியிருந்தேன். பதிலாக ஒரே ஒரு கேள்வி வந்தது: “படம் எத்தனை மணிக்கு எடுத்ததம்மா?” உச்சி வெயிலில் எழுத்தும் கல்லும் ஒன்றாகத் தெரியும், வெயில் சாயும்போதுதான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். மரத்தடிக் கல் என்றால் இருட்டிய பிறகு பக்கவாட்டில் டார்ச் பிடித்துப் பார்க்க வேண்டும். இதை விளக்கிவிட்டு, மாலையில் எடுத்த படம் வந்த பிறகுதான் என் வாசிப்பைப் பற்றிப் பேசினார்.

அதிலிருந்து எங்களுக்குள் ஒரு முறை அமைந்தது. நான் படித்ததை எழுதி அனுப்பாமல் அவர் தன் வாசிப்பைச் சொல்ல மாட்டார். ஐயமுள்ள எழுத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட வேண்டும், அழிந்த இடத்தைப் புள்ளியிட்டு விட வேண்டும், ஊகத்தை அடைப்புக்குள் வைக்க வேண்டும். அவரும் அதேபோல் எழுதி வைத்திருப்பார். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பேசுவோம். இந்தக் கற்களில் இருப்பது வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துமுறை. பல்லவர் காலத்து வட்டெழுத்தில் பல இடங்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரம் குறிலா நெடிலா என்பதையும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். தேய்ந்த கல்லில் பகரமும் வகரமும் குழப்பும். விடையை முன்பே கேட்டுவிட்டால் கண் அதையே கல்லில் தேடும் என்பார். எனக்குக் கிடைத்த பயிற்சிகளிலேயே பெரியது இதுதான் என்று நினைக்கிறேன்.

சாக்பீஸை அவர் தொடவே விடமாட்டார். எழுத்தின் மேல் கோடு இழுத்துவிட்டால் கேமராவில் விழுவது நம் யூகம், அதைத்தான் அடுத்து வருகிறவரும் படிப்பார். கல்லில் உள்ள எழுத்தை மையால் தாளில் பதிக்கும் மைப்படி எடுப்பதையும் அவர் கைப்பிடித்துத்தான் கற்றுத் தந்தார். கல்லை நீர் விட்டுக் கழுவி, ஈரத்தாளைக் குமிழி இல்லாமல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்துக்குள் இறக்க வேண்டும். ஈரம் சற்று உலர்ந்ததும் மை ஒற்றினால் கறுப்புக்கு நடுவே எழுத்து வெள்ளையாக எழும். கடைசி வரி தெளியும்போது அவர் முகத்தில் வரும் மலர்ச்சியைப் பார்க்கவே இன்னொரு கல்லுக்குப் போகலாம்.

ஒரு கல்லில், மன்னன் ஆட்சிக்கு வந்து எத்தனையாவது ஆண்டு என்று சொல்லும் ஆட்சியாண்டை ஐயா ‘ஏழாவது’ என்று பல வருடங்களுக்கு முன்பே குறித்து வைத்திருந்தார். எனக்கு ‘எட்டாவது’ என்று பட்டது. தயங்கித்தான் சொன்னேன். மறுவாரமே தருமபுரியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். கல்லை நனைத்து, கண்ணாடியைக் கழற்றி மாட்டி நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் நோட்டில் பழைய வாசிப்பை அடித்து, புதியதை எழுதி, பக்கத்தில் தேதியும் என் பெயரும் போட்டார். அன்று எங்கள் பேச்சின் தன்மையே மாறியது. அதன் பிறகு எந்தக் கல்லைப் பற்றியும் எனக்குத் தோன்றுவதைத் தயக்கமில்லாமல் சொல்ல முடிந்தது.

புதிய கல் ஒன்று கண்ணில் பட்டதும் செய்தி கொடுக்க ஓடாமல், தொல்லியல் துறையின் தொகுதிகளையும் தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழ்களையும் புரட்டிப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். ஏற்கெனவே ஒருவர் படித்து வெளியிட்டிருந்தால் அவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் நம் திருத்தத்தைச் சொல்ல வேண்டும். இன்று எத்தனையோ பேர் இதைச் செய்வதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

எடத்தனூர் என்ற ஊருக்கு நடுகல் பார்க்கப் போனதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டுக் கல் அது. எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கோவிவன் என்ற அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று நாய்க்கும் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். புத்தகத்தில் மனப்பாடமாகத் தெரிந்த வரிதான். நேரில் விரலால் காற்றில் எழுதிக்கொண்டே படித்தபோது தொண்டை அடைத்துவிட்டது. ஐயா ஒன்றும் பேசாமல் தள்ளிப் போய் நின்றுகொண்டார். அதற்கும் நன்றி ஐயா.

எங்கள் பக்கத்து நடுகற்கள் பல இன்றும் வேடியப்பன் என்ற சாமியாகப் பூசை பெறுகின்றன. எண்ணெயும் மஞ்சளும் ஏறிய சாமியைக் கழுவ ஓர் அந்நியப் பெண்ணுக்கு அனுமதி கொடுப்பது சின்ன விஷயமில்லை. பொங்கல் வைத்து உத்தரவு கேட்டு, குடம் குடமாகத் தண்ணீர் இறைத்துக் கொடுத்த பூசாரித் தாத்தாவுக்கும், தன் நிலக்கடலைக் கொல்லை வழியே எங்களைப் போகவிட்டு வெயில் நேரத்தில் மோரும் தந்த அக்காவுக்கும் நான் கடன்பட்டவள். ஐயா எப்போதும் முதலில் கேட்பது இவர்களைத்தான். செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, வந்த காரணம் சொல்லி, படித்து முடித்ததும் கல்லில் இருப்பதை ஊர்க்காரர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுவார். தங்கள் சாமி மாடு மீட்டு உயிர் விட்டவர் என்று கேட்டதும், தாத்தா மறுபடியும் விழுந்து கும்பிட்டார்.

பழைய தொகுதிகளைத் தேடி எடுத்துத் தந்த கல்லூரி நூலகர், இருட்டில் டார்ச் பிடித்த தோழிகள், ஆரம்பத்தில் தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு கூடவே வந்த அம்மா, இத்தனை பேருக்கும் என் அன்பு.

ஐயா, மைப்படிகளைச் சுருட்டித் துறையில் பத்திரமாக ஒப்படைத்துவிட்டேன். கேள்விக்குறி போட்ட இரண்டு கல் இன்னும் பாக்கி இருக்கிறது. தை பிறந்ததும் விடுமுறைக்கு வருகிறேன், போய்ப் பார்க்கலாம்.

நன்றியுடன்,
உங்கள் மாணவி,
திருவண்ணாமலை