பாவில் இல்லாத கறுப்பு இழை

குடியாத்தம்

அன்புள்ள மகனுக்கு,

கண் நன்றாகத்தானே தெரிகிறது, பிறகு எதற்குப் பரிசோதனை என்று நீ கேட்டதிலிருந்து என் மனம் ஆறவில்லை. உனக்குச் சர்க்கரை வந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. உன்னைக் கலங்க வைக்க வேண்டாமென்று நான் அன்று மறைத்ததை இப்போது எழுதுகிறேன்.

தறியில் வெள்ளைப் பாவு நூல் ஏற்றியிருந்த ஒரு காலையில், அதன்மேல் கறுப்பு இழை ஒன்று சுருண்டு கிடப்பதைக் கண்டு விரலால் எடுக்கப் போனேன். விரலில் எதுவும் தட்டுப்படவில்லை. கண்ணைத் திருப்பினால் இழையும் உடன் வந்தது. கண்ணை நிறுத்தினால், அது மட்டும் நில்லாமல் மெல்ல மிதந்து இறங்கியது. மதியத்துக்குள் ஒன்று பலவாகி ஒட்டடைபோல் படர்ந்து, பொழுது சாய்வதற்குள் வலக்கண்ணைச் செம்புகை மூடிவிட்டது. வலி துளியும் இல்லை. உன் அம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள். வெள்ளை விழி வெள்ளையாகவே இருந்தது. கண்புரைதான் என்று நானே முடிவுகட்டி 4 நாட்களை வீணாக்கினேன்.

உன் பாட்டி காலத்திலிருந்து நாம் போகும் வேலூர் ஆரணி சாலை ஷெல் கண் மருத்துவமனையில்தான் விவரம் தெரிந்தது. நாள்பட்ட சர்க்கரையால் விழித்திரையில் வலுவற்ற புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கும். அவை உடைந்தால், விழிக்குள் நிறைந்திருக்கும் தெளிந்த கூழில் இரத்தம் கலந்துவிடும். அந்த இரத்தமே விழித்திரையை மறைத்ததால், அது கழன்றிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். தலையை உயர்த்திப் படுத்தால் இரத்தம் கீழே படியும் என்றார்கள். தெளிய இரண்டு மாதங்கள் ஆயின. பிறகு லேசர் வைத்தார்கள். சிலருக்கு ஊசியோ அறுவை சிகிச்சையோ தேவைப்படுகிறது.

உன் பெரியம்மாவுக்குத் தும்மலில் வெள்ளை விழியில் இரத்தம் திட்டாகக் கட்டியபோது வீடே பதறியது நினைவிருக்கும். பார்வை மங்கவில்லை, வலியும் இல்லை. இரண்டு வாரங்களில் அது தானே கரைந்தது. என் கண்ணிலோ வெளியே ஒன்றுமே தெரியவில்லை.

ஆகவே திடீரெனப் புள்ளிகளோ நூல்களோ பெருகினாலும், புகை மூடினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போ. ஓரத்தில் மின்னல்போல் ஒளி வெட்டினாலோ, ஒரு பக்கம் திரை இறங்கினாலோ விழித்திரை கிழிந்திருக்கக்கூடும். அப்போது ஒரு மணி நேரத்தைக்கூடத் தள்ளிப்போடாதே. தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடி நாட்காட்டியைப் பார். இரண்டும் திறந்திருந்தால், நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

ஒன்றும் தெரியாத இந்த நேரத்திலேயே பார்த்துவிடுவோம். வியாழன் இரவு ரயிலில் வந்துவிடு. வெள்ளி காலை நானே வேலூருக்கு அழைத்துப் போகிறேன். கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும். அதனால் காரில் வராதே.

அன்புடன்,
அப்பா