புதன்கிழமை மத்தியானம் போய்ப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு பதிப்பில் முதியோர் இல்ல விளம்பரம் வராத வாரமே இல்லை. புல்வெளி, சக்கர நாற்காலியில் சிரிக்கும் ஒரு பாட்டி, 24 மணி நேர நர்ஸ், சுத்த சைவ உணவு, கீழே ஒரு செல்போன் எண். விளம்பரம் போடுவது உங்கள் தொழில், அதில் எனக்கு ஒன்றும் சண்டையில்லை. ஆனால் அப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான் என் பெரியம்மாவை அவருடைய மகன் கோவைக்குப் பக்கத்தில் ஒரு இல்லத்தில் சேர்த்தான். அங்கே நான் பார்த்ததையும் உங்கள் பேப்பரிலேயே எழுதுவதுதான் முறை. இல்லத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது.

பெரியம்மாவுக்கு 81 வயது. கோபி பக்கம் தோட்டம், நாலு எருமை, விடிவதற்கு முன்னால் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து அதற்கப்புறம்தான் ஒரு வாய் காப்பி குடிக்கிற ஆள். மறதி நோய் வந்து, வாசலில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பும் முறிந்த பிறகு வீட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லை, மகன் சிங்கப்பூரில். மாதம் 28,000 ரூபாய் கட்டினான், ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. உறம்பரை (சொந்தக்காரர்கள்) நாங்கள் மாற்றி மாற்றி ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்போம். போனால் தலை சீவி, பவுடர் போட்டு, ஒரு துண்டு மல்லிகைப்பூவும் வைத்து ஹாலில் உட்கார வைத்திருப்பார்கள். நாங்களும் ஒரு மணி நேரம் இருந்து, ஆயா கையில் நூறு ரூபாயை அழுத்திவிட்டு, நல்லாத்தான் பார்த்துக்கறாங்க என்று சொல்லிக்கொண்டு திரும்புவோம்.

போன ஏப்ரலில் திருப்பூரில் ஒரு கல்யாணம். முடிந்ததும், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, பெரியம்மாவையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று போனேன். புதன்கிழமை, மணி மூன்றரை. “ஞாயித்துக்கிழமைதானுங்க விசிட்டிங், சார் வேற இல்லீங்க” என்றார் வாட்ச்மேன். அவசரமாகப் பாத்ரூம் போகணும் என்று சொல்லி உள்ளே நுழைந்தேன்.

பெரியம்மாவின் வலது மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு பழைய துப்பட்டாவைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்தால் தோல் கருத்து, வளையல் போட்ட மாதிரி ஒரு தடம். அந்த வெயிலில் முழுக்கை நைட்டி. கையை மேலே தூக்கிப் பார்த்தேன். மேல்கையின் உட்பக்கம் வரிசையாக நாலு, மறுபக்கம் ஒன்று, விரல் பதிந்த கன்றல். சிலது நீலம், சிலது மஞ்சள் பாய்ந்து ஆறிக்கொண்டிருந்தது, அதாவது ஒரு நாளில் வந்ததல்ல. நாக்கு காய்ந்து வெடித்திருந்தது. “தண்ணி, கண்ணு” என்றார். ரெண்டு டம்ளர் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தார்.

ஆயாவைக் கேட்டேன். ஒளிக்காமல்தான் சொன்னது அந்தப் பிள்ளை. “டயபரைப் பிச்சுப் பிச்சு எறிஞ்சுர்றாங்க, அதனால கட்டறதுங்க. பொழுது உழுந்தா தண்ணி குடுக்கறதில்லீங்க, ராத்திரி நனைஞ்சா மாத்தறதுக்கு நான் ஒருத்திதானுங்க.” பதினாலு பேருக்கு ராத்திரியில் ஒரே ஆள்! பகல் வேலைக்கு வர வேண்டியவள் வரவில்லை என்று அன்றைக்குப் பகலிலும் அதே பிள்ளைதான்.

நான் ஆத்திரத்தில் கத்தினேன். அது தப்பு. நான் ஆபீஸ் ரூமில் நின்று கத்திக்கொண்டிருந்த பத்து நிமிஷத்தில் அந்தத் துப்பட்டாத் துணி காணாமல் போய்விட்டது. நல்லவேளை, கத்துவதற்கு முன்னால் செல்போனில் நாலு படம் எடுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு தாத்தா, இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண், அறைக்குள் நுழையும்போதே நாற்றம். அவர் கட்டிலில் ஒரு அட்டை தொங்கியது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைத்ததற்கு டிக் அடிக்கிற அட்டை. அதில் அன்றைய தேதிக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் டிக் அடித்திருந்தது. நான் நின்றது மத்தியானம் மூன்றரை மணிக்கு. அதையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

வயதானால் தோல் மெலிந்துவிடும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சும்மா இடித்தாலே கன்றும், அதெல்லாம் எனக்கும் தெரியும். எல்லாக் கன்றலும் அடி இல்லை. ஆனால் கட்டிலில் சுவரில் இடித்தால் பெரும்பாலும் முழங்கைக்குக் கீழே, புறங்கையில், முழங்காலில்தான் வரும். மேல்கையின் உட்புறம், கழுத்து, காது, முதுகு இங்கெல்லாம் கன்றியிருந்தால் கேட்டே ஆக வேண்டும். அப்புறம் குதிகாலையும் இடுப்புக்குக் கீழே எலும்பு புடைக்கிற இடத்தையும் பாருங்கள், படுக்கைப்புண் அங்கேதான் தொடங்கும். எந்நேரமும் தூங்கி வழிந்தால் என்ன மாத்திரை, யார் எழுதியது என்று ஃபைலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், ராத்திரி தொந்தரவு இருக்கக் கூடாது என்று தூக்க மாத்திரையை ஒன்றுக்கு ரெண்டாகக் கொடுக்கிற இடங்கள் உண்டு. நாம் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் ஆயாவோ நர்ஸோ பக்கத்தைவிட்டு நகரவே மாட்டேன் என்கிறார்களா, அதுவும் ஒரு அடையாளம்.

பெரியவர்களிடம் “யாராச்சும் அடிச்சாங்களா” என்று நேராகக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். நாம் கிளம்பிய பிறகு அங்கேயேதானே அவர்கள் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, “ராத்திரி தாகம் எடுத்தா யாரக் கூப்புடுவீங்க” என்று கேளுங்கள். அதற்குப் பதில் தெரிந்தால் முக்கால்வாசி தெரிந்த மாதிரி. மறதி நோய்க்காரர் என்றால் “அவங்களுக்கு நெனவே இல்லீங்க, எதையாச்சும் சொல்லுவாங்க” என்று இல்லத்தில் வாயை அடைத்துவிடுவார்கள். பெரியம்மாவுக்கு என் பேர் மறந்துபோயிருந்தது. தண்ணி மறக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் தொகுத்த ஆய்வுகளில், காப்பகங்களில் வேலை செய்கிறவர்களிலேயே 3 பேரில் 2 பேர், கடந்த ஓராண்டில் ஏதாவது ஒரு வகையில் முதியவர்களைத் துன்புறுத்தியதாகத் தாங்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உலகம் பூராவும் சேர்த்த கணக்கு இது. எல்லாரும் கொடூரமானவர்களா என்ன? பதினாலு பேருக்கு ஒரு ஆயாவை விட்டால் தங்கமான மனுஷியும் ஒரு நாள் துப்பட்டாவைக் கிழிப்பாள். எனக்கு அந்தப் பிள்ளை மேல் இப்போது கோபமில்லை. 28,000 வாங்கிக்கொண்டு ராத்திரிக்கு இன்னொரு ஆள் போடாதவர் மேல்தான்.

சரி, பார்த்தாகிவிட்டது, அடுத்து என்ன செய்வது என்பதுதான் பலருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. முதலில் ஆளை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். பாக்கிப் பணம் கட்டினால்தான் அனுப்புவோம் என்றார்கள். பாக்கிக்கு ஆளைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது, போலீஸுக்குப் போன் போடுகிறேன் என்றதும் கேட் திறந்தது. அப்புறம் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அரசு மருத்துவமனைக்குப் போனோம், அங்கே காயத்தை எழுதிப் பதிந்து ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட்டார்கள். அந்தக் காகிதம் கையில் இருந்ததால் ஸ்டேஷனில் இழுத்தடிக்காமல் புகாரை வாங்கிக்கொண்டு, வாங்கியதற்கு அத்தாட்சியாக சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். 14567 என்று முதியோருக்கான உதவி எண் ஒன்று இருக்கிறது, கட்டணம் இல்லை, காலை 8 மணியிலிருந்து இரவு 8 வரை தமிழிலேயே பேசலாம். ராத்திரி அவசரம் என்றால் 112. முதியோர் இல்லங்களைப் பதிவு செய்வதும் சோதனை போடுவதும் மாவட்ட சமூக நலத்துறையின் வேலை, கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். நாங்கள் மூன்று இடத்திலும் கொடுத்தோம்.

ஒரு இடைச்செருகல். 2007-ஆம் ஆண்டு வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காமல் விட்டால் ரத்து செய்ய வழி இருக்கிறது, ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனுப் போட வேண்டும். நம் ஊரில் தோட்டம் காட்டைப் பையன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதும்போது அந்த ஒரு வரியை எழுதச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். பத்திர ஆபீஸில் கூச்சப்பட்டவர்கள் சிலரை நான் அந்த இல்லத்தின் ஹாலிலேயே பார்த்திருக்கிறேன்.

பிறந்த நாளுக்கும் திதிக்கும் முதியோர் இல்லத்தில் மத்தியானச் சாப்பாடு போடுகிறவர்கள் கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் நிறையப் பேர். நல்ல காரியம். ஒப்பிட்டும் (போளி) வடையும் பரிமாறிப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன், ஹாலுக்கு வராதவர்கள் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டு, உள்ளே ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சாப்பாடு போடுகிறவரை யாரும் தடுக்க மாட்டார்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஜூன் 15 முதியோர் கொடுமை விழிப்புணர்வு நாள், அன்றைக்குக் கேக் வெட்டுகிற படம் போடுகிறீர்கள், போடுங்கள். ஆனால் இல்ல விளம்பரம் வாங்கும்போது சமூக நலத்துறைப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி அச்சிடுங்கள், பக்கத்தில் 14567 என்பதையும் சேர்த்து. இடம் போதாது என்றால் புல்வெளியைக் கொஞ்சம் சின்னதாக்கிக் கொள்ளலாம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கோபிசெட்டிபாளையம்