மிஷினுக்குக் கையெழுத்துப் போடுமுன் பட்டறையை ஒரு தடவை பாருங்கள்

மாவட்டத் தொழில் மையங்களில் கடன் மனுக்களைப் பார்க்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிவகங்கைப் பக்கம் கொல்லுப்பட்டறை வைத்திருப்பவன் நான். அப்பா காலத்தில் துருத்தி, என் காலத்தில் கரண்ட் புளோயர். அரிவாள், மண்வெட்டி, கொழு, அப்புறம் ஊர்க்காரர்களின் கேட்டும் கட்டில் காலும்.

கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடன், 50,000 ரூபாய் வரை மானியம் என்பது நல்ல விஷயம். எனக்கு உறுத்துவது மனுவோடு வைக்கும் கொட்டேஷன்தான். கடைக்காரர் எழுதித் தருவதே எங்களுக்கு வேண்டிய மிஷின் என்று ஆகிவிடுகிறது.

சில வருடங்களுக்கு முன் வேறொரு கடனில் நானே மாட்டினேன். "மிக் மிஷின் வாங்குங்க, வேகமா ஓடும்" என்றார் கடைக்காரர். மிக் என்றால், கம்பி தானாக வர, வெல்டைச் சுற்றி சிலிண்டர் கேஸை ஊதிக் காக்கும் வெல்டிங் மிஷின். வேகம் உண்மைதான். ஆனால் என் பட்டறை மூன்று பக்கமும் திறந்த கொட்டகை. காற்றடித்தால் கேஸ் கலைந்துபோகும், வெல்டு முழுக்க ஆப்பம் மாதிரி ஓட்டை விழும். சிலிண்டர் தீர்ந்தால் டவுனுக்கு ஓட வேண்டும். இன்று அது சாக்கு போர்த்தி மூலையில் நிற்கிறது. தவணை முடிந்தது போன வருடம்தான்.

இப்போது வைத்திருப்பது ராடை வைத்து வெல்டு போடும் சாதாரண இன்வெர்ட்டர் ஆர்க் மிஷின், ஒரு கையில் தூக்கிவிடலாம். எனக்கு இது போதும் என்பதற்குக் காரணம் லாரி ஸ்பிரிங் பட்டை. அரிவாளுக்கு அதுதான் இரும்பு, கார்பன் அதிகம். அதில் 6013 என்ற சாதாரண வெல்டிங் ராடு போட்டால் அன்றைக்குப் பிடிக்கும். கருவேலங்கட்டையில் நாலு வெட்டு விழுந்ததும் வெல்டுக்குப் பக்கத்திலேயே விண்டுவிடும். அதற்கு 7018 என்ற, ஈரம் ஆகாத ராடை நன்றாகக் காயவைத்து, இரும்பையும் முன்கூட்டியே சூடேற்றி, வேலை முடிந்ததும் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். உலையும் சாம்பலும் எங்களிடமே இருக்கின்றன. ஆனால் பழைய சிறிய ஏசி கரண்ட் வெல்டிங் மிஷினில் 7018 ஒழுங்காக எரியாது, டிசி கரண்ட் வேண்டும். இன்வெர்ட்டர் அதைத் தருகிறது.

பெட்டியில் 200 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். டியூட்டி சைக்கிள் 60 சதவீதம் என்றால், அந்த 200-இல் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம்தான் ஓட்டலாம். எங்கள் வேலை பெரும்பாலும் 3.15 மில்லிமீட்டர் ராடு, 110 ஆம்பியர் பக்கம். அதற்கே மூன்று கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும், வீட்டு ஒயர் தாங்காது. இன்னொன்று, இன்வெர்ட்டரின் விசிறி கிரைண்டிங் தூளை உள்ளே இழுத்து எலெக்ட்ரானிக் போர்டைச் சுட்டுவிடும். அதனால் உலையையும் கிரைண்டரையும் விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். அதற்கு வேண்டிய நீளக் கேபிளையும் கொட்டேஷனில் சேர்த்துவிடுங்கள். தோல் கையுறை, நல்ல ஹெல்மெட்டும்தான். மிஷினுக்குப் பணம் தருகிறவர்கள் கண்ணுக்குத் தருவதில்லை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். மனுவைப் பார்க்கிறவர் ஒரு தடவை பட்டறைக்கு வரட்டும். கரண்ட் சிங்கிள் பேஸா, மூணு பேஸா, சுவர் உண்டா, என்ன இரும்பு வருகிறது என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். காலையில் வர வேண்டாம், அப்போது எல்லா மிஷினும் நன்றாகத்தான் ஓடும். சாயங்காலம் ஏழு மணிக்கு, தெருவில் எல்லா மோட்டாரும் ஓடி வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் வாருங்கள். ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டு வர மறுப்பதை நீங்களே ஹோல்டரைப் பிடித்துப் பார்க்கலாம்.